மாப்பிள்ளையின் புழுத்தொட்டிகள்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை பேராசிரியர் தணிகாசலம் அவர்கள் இப்படித் திடுதிப்பென்று போய்விடுவார் என்று நான் போன வருஷமே சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் இருக்கிறார்கள். பாகூர் ஏரிக்கரை மேட்டில் அவர் எழுந்து நின்று சைக்கிள் மிதிப்பதை பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "இந்த மனுஷருக்கு நெஞ்சு தாங்காது" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்றே, இவர் பெரிய ஆராய்ச்சிக்காரர் ஆவார் என்றும் சொன்னேன். டாக்டர் பட்டம் கைக்கு வராமல் போகும் என்பதையும் மற்றவர்களுக்கு முன்னால் சொன்னவன் நான்தான். சொன்னதெல்லாம் நடந்துவிட்டது. ஒன்றாவது நடக்காமல் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சேதி வந்தபோது கடையில் இருந்தேன். வில்லியனூர் கடைத்தெருவில் டெலிபோன் வைத்த முதல் ஜவுளிக்கடை எங்களுடையது. இரண்டாவது என்று சொல்பவர்களும் உண்டு. நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு கிறிஸ்தவத் தாயும் மகளும் மாதா கோயில் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவையைப் பாதி பிரித்து முந்தானையைக் காட்டும் நேரத்தில் மணி அடித்தது. பேசியது என் தங்கை மகள் பூங்கோதை.

"மாமா..."

"இன்னாம்மா, இந்நேரத்துல?"

"அப்பா போயிட்டாரு மாமா. காலேஜுக்குக் கெளம்பி செருப்பு மாட்டினாரு. அப்படியே உக்காந்துட்டாரு."

அதற்குமேல் என்ன பேசினோம் என்று நினைவில்லை. அந்தத் தாய் என் கையிலிருந்த புடவையை மெதுவாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார். "நீங்க கெளம்புங்க அண்ணே. பொடவ எங்கயும் போயிடாது" என்றார். முப்பது வருஷமாகப் புடவை மடிக்கிறவன் நான். அன்று என் கடையில் வாங்க வந்தவர் மடிக்க, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். அதில் எழுதச் சொல்லிப் பூங்கோதைதான் கேட்டாள். கல்லூரியில் படிக்கும் பெண். அப்பாவைப் போலவே விலங்கியல்.

"நீங்கதான் மாமா எழுதணும். ஒரே வூட்டுல அவரோட இருந்தவரு நீங்க. ஆனா ஒண்ணைப் பத்தாக்கக் கூடாது."

"ரெண்டாக்கலாமா?"

"ஒண்ணு ஒண்ணாவே இருக்கட்டும்."

அழுது சிவந்திருந்த அந்தக் கண்ணைப் பார்த்துச் சரி என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழையிருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இருக்காது. மரபணு, டி.என்.ஏ. என்பதெல்லாம் பாண்டிச்சேரியில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்த காலத்தில் அந்த இரண்டாவது ஆள் நான்.

அவர் பிறந்தது கரியமாணிக்கத்தில், விவசாயக் குடும்பத்தில். சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு பாண்டிச்சேரி டவுனில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜியைத் தொடவில்லை. கொல்லைப்புறக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் வாய் திறந்து, "பின்னால தண்ணி நிக்கிற எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். எங்கள் அப்பா அதை வேறு அவசரம் என்று எடுத்துக்கொண்டு, "தோ, இப்படிப் போங்க மாப்ள" என்று வழிகாட்டினார். போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், கிணற்றடி வாய்க்கால் ஓரம் குந்தியிருக்கிறார். உள்ளங்கைச் சேற்றில் ஒரு சிவப்புப் புழு நெளிகிறது. அந்தப் புழு ஒரு சாண் நீளம் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பூங்கோதைக்குக் கொடுத்த வாக்குக்காகக் குறைக்கிறேன்: விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

ஜன்னல் வழியே பார்த்த என் தங்கை புஷ்பவல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சம்பந்தம் அந்தச் சிரிப்பில்தான் முடிந்தது. "என்னை ஒரு தரம் பார்த்தாரு, புழுவை நாலு தரம் பார்த்தாரு" என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "புழு அசைஞ்சுக்கிட்டே இருந்தது புஷ்பா, நீ அசையாம நின்னே" என்பார் அவர்.

கல்யாணத்துக்குப் பிறகு, பஸ் வசதிக்காக வில்லியனூரில் எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே குடிவந்தார்கள். ஒரு மாதத்தில் கொல்லையில் ஆறு சிமெண்டுத் தொட்டிகள் வந்து இறங்கின. கரியமாணிக்கம் வாய்க்கால் சேறும் மூட்டை மூட்டையாக வந்தது. மூன்று தொட்டி வெயிலில், மூன்று தென்னங்கீற்று நிழலில். எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புப் புழு. அது வளர்ந்து பறந்தால் பார்வைக்குக் கொசு மாதிரியே இருக்கும். ஆனால் கடிக்காது, கடிக்க அதற்கு வாயே கிடையாது என்பார் மாப்பிள்ளை.

எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் அந்தப் பூச்சியை அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது லேசில்லையாம். வெளியில் கூட்டமாகப் பறந்து ஜோடி சேருகிற ஜாதி அது. மாப்பிள்ளை என் கடையில் இருந்து நெட் துணி வாங்கி, தொட்டிகளுக்கு மேல் ஆள் உயரத்துக்குக் கூடாரம் தைத்துப் போட்டார். இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை, ஒரே ஒரு முட்டைத் திரளிலிருந்து வந்த கூட்டம் மட்டும் வலைக்குள்ளேயே ஜோடி சேர்ந்து முட்டை வைத்தது. அன்று அவர் காலையில் பல்கூட விளக்காமல் கடைக்கு ஓடிவந்து, "மச்சான், வெச்சிடுச்சு" என்றார். நான் பெருமாள் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் கொசு தாங்கவில்லை. என் தங்கை கைக்குழந்தையோடு விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். "ஊருல எல்லாம் மனுஷன் வலைக்குள்ள படுத்துப்பான், பூச்சி வெளிய நிக்கும். எங்க வூட்டுல பூச்சி வலைக்குள்ள படுத்திருக்குது" என்பாள். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார். "அதுங்க பரீட்சை எழுதுது புஷ்பா. முடிஞ்சதும் வலையை உனக்கே தர்றேன்" என்பார்.

பரீட்சை என்ன என்பதைச் சொன்னால்தான் அவர் யார் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி நுண்ணோக்கியைப் பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். புழுவின் தலையை ஊசியால் இழுத்தால் இரண்டு கண்ணாடி மணிகள் வெளியே வரும். அதன் எச்சில் சுரப்பி. அதைச் சாயத்தில் போட்டு, ஸ்லைடில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, மேலே மையொற்றுத் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். "இந்த அழுத்தத்துலதான் மச்சான் எல்லாம் இருக்குது" என்பார்.

ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டுக் கண்ணை வைக்கச் சொன்னார். பார்த்தால், நான்கு நாடாக்கள் கிடக்கின்றன. மூன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாவற்றிலும் குறுக்கே கோடு கோடாக, நம்முடைய லுங்கி ஓரம் போல.

"குரோமோசோம்னா இதுதான். டி.என்.ஏ.ங்கற நூலைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கினது. மனுஷன் ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு மீட்டர் நூல் இருக்குது, தெரியுமா?"

"ரெண்டு மீட்டரா? ஒரு சட்டைத் துணி?"

"ஒரு சட்டைத் துணி. கண்ணுக்கே தெரியாத உருண்டைக்குள்ள."

மீட்டர் கணக்கில் வாழ்பவன் நான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். "அவ்வளவையும் இறுக்கி மடிச்சு வெச்சா எப்படிப் படிப்பாங்க?" என்று கேட்டேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்தார். "என் வகுப்புல ஒருத்தனும் இதைக் கேட்டதில்ல மச்சான்" என்றார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

"உங்க கடையை எடுத்துக்குங்க. அலமாரி பூராப் புடவை. எல்லாம் மடிச்சு இருக்குது. கேக்கறவங்களுக்கு எதைப் பிரிச்சுக் காட்டறீங்களோ அதுதான் அன்னிக்கு வியாபாரம். கண்ணுல இருக்கற செல்லும் குடல்ல இருக்கற செல்லும் ஒரே கடை, ஒரே சரக்கு. இது இந்தப் புடவையைப் பிரிச்சிருக்கும், அது அந்தப் புடவையைப் பிரிச்சிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப அந்தக் குட்டை நாடாவைப் பாருங்க."

பார்த்தேன். ஒரு இடத்தில் கோடுகள் கலைந்து, பஞ்சு பிரிந்தாற்போல உப்பிக்கொண்டிருந்தது.

"அங்கதான் கடை தொறந்திருக்குது. அந்த மரபணு இப்ப வேலை செய்யுது. வெயில் தொட்டியில மதியானம் தண்ணி சுட்டதும் வேற ஒரு இடம் உப்புது. நெழல்ல இருக்கறதுல உப்பல. ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையா வெயில்லயே வளர்த்தா அந்த இடம் இன்னா பண்ணும்? அதைத்தான் பார்க்கறேன்."

அவருடைய பட்டத்துக்கான ஆராய்ச்சி அதுதான். சென்னையில் இருந்த வழிகாட்டி கொடுத்த கெடு முடிய ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒரு முட்டைத் திரளின் வாரிசுகள் ஆறு தொட்டியிலும் உயிரோடு இருக்கும்வரை பட்டமும் இருந்தது.

அன்று நானும் ஒரு ஸ்லைடு அழுத்திப் பார்ப்பேன் என்று அடம்பிடித்தேன். துணிக் கட்டு அழுத்துகிற விரல், ஒரே அழுத்து. கண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு நாடா நடுவில் பிரிந்து கிடந்தது. "பாருங்க மாப்ள, நானே ஒரு இடத்தைத் தொறந்துட்டேன்" என்றேன்.

அவர் பார்த்தார். சிரித்தார். "இல்ல மச்சான். இது நீங்க ஒடைச்சது. ஓரத்தைப் பாருங்க, பிசிறு பிசிறா இழுத்திருக்குது. தானாத் தொறந்த இடத்துல பிசிறு இருக்காது. ஒடைஞ்சதுக்கும் தொறந்ததுக்கும் ஓரத்துலதான் வித்தியாசம். அது தெரிஞ்சுட்டா பாதிப் படிப்பு முடிஞ்சுது."

அந்த ஸ்லைடைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, "மச்சான். அழுத்தி உடைந்தது" என்று பென்சிலால் எழுதிப் பெட்டியில் வைத்தார். எதைப் பார்த்தாலும் அதன்மேல் என்ன பார்த்தார் என்று எழுதி வைக்காமல் விடமாட்டார்.

இதையெல்லாம் நான் கடைக்கு வருபவர்களுக்கு விளக்கினேன். திருவாண்டார்கோயில் வரைக்கும் என் விளக்கம் பரவியிருந்தது. புடவை எடுக்க வந்தவர்கள் புழுவின் எச்சில் சுரப்பி பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள். "எங்க மாப்ள வளக்கறது கொசு இல்ல, அது கடிக்காது" என்று ஊருக்கே சொன்னவன் நான்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் யானைக்கால் நோய்க்குப் பயப்படாத வீடு கிடையாது. எதிர்வீட்டில் ஒரு அம்மாவுக்கு ஏற்கெனவே கால் வீங்கியிருந்தது. அந்த வருஷம் அவர் மகனுக்கும் காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டது. எங்கள் கொல்லை விளக்கைச் சுற்றிப் பூச்சி பறப்பதைத் தெருவே பார்த்தது. தொட்டியில் ஏதோ வளர்க்கிறார்கள், அதனால்தான் ஊருக்கு நோய் என்று பேச்சு கிளம்பியது.

ஒரு நாள் கொசு மருந்து அடிக்கும் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கல்லூரியில். தங்கை குழந்தையோடு கரியமாணிக்கத்தில். நான் மூலக்குளத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். கொல்லைக் கதவு பூட்டியிருந்தது. ஆட்கள் பூட்டைக் கல்லால் அடித்து உடைத்து, உள்ளே போய், ஆறு தொட்டியிலும் மருந்து எண்ணெயை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைத்தான் நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். என் தங்கையிடமும் வெளியூர்க்காரர்களிடமும் சொன்னேன். சில இடங்களில், அந்த ஆட்களின் மேஸ்திரியைத் தேடிப் போய் அறைந்தேன் என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை நாலரை பஸ்ஸில் வந்தார். தொட்டி ஓரம் மண்டியிட்டு நீரைத் தொட்டு, விரலை முகர்ந்தார். எண்ணெய்ப் படலம் மாலை வெயிலில் வண்ண வண்ணமாக மின்னியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்துவந்து சேற்றைத் துழாவினார். கிடைத்த புழுக்களைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிச் சோற்றுத் தட்டுகளில் விட்டார். மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த தட்டெல்லாம் கொல்லையில் இருந்தது. நாங்கள் வாழையிலையில் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசித் தட்டைக் கவிழ்த்தார்.

"இந்த வருஷம் முடிச்சுடலாம்னு இருந்தேன் மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார்: "அந்தப் பூட்டு எங்க?"

கொண்டுவந்து கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வளைவுக் கம்பியைப் பார்த்தார், அது போய் விழும் ஓட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான்கு மாதத்தில் குடும்பத்தோடு பாகூருக்கு வீடு மாறிப் போனார். அங்கே ஏரி மதகடியில் புழு எடுத்து மறுபடியும் வலை கட்டினார். எந்தக் கூட்டமும் வலைக்குள் ஜோடி சேரவில்லை. அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஏதோ மனசு வந்திருந்தது, அது போய்விட்டது. கெடு முடிந்தது. வழிகாட்டி ஓய்வு பெற்றார். வலையைச் சிறியதாக வெட்டித் தைத்துப் பூங்கோதையின் கட்டிலுக்குப் போட்டார்கள். தனக்குப் பின்னால் வந்தவர்கள் டாக்டர் பட்டத்தோடு தனக்கு மேலே போனதை அவர் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

படிப்பதை மட்டும் விடவில்லை. சில வருஷம் கழித்து ஒரு நாள் கடைக்கு வந்தார். கையில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் நகல். முகத்தில் பழைய வெளிச்சம்.

"மச்சான், நூல் சும்மா சுருண்டு இல்லையாம். புரதத்துல சின்னச் சின்ன உருண்டை இருக்குது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சுத்து மாதிரி சுத்தி, அடுத்த உருண்டைக்குப் போவுது. மாலை கோத்த மாதிரி."

"அது பாபின் மாப்ள. தையல் மெஷின் பாபின். நூல் சிக்காம இருக்கணும்னா அப்படித்தான் வெக்கணும்."

கடகடவென்று சிரித்தார். கல்லாப் பெட்டியிலிருந்த பென்சிலை எடுத்து, அந்தத் தாளின் ஓரத்தில் "பாபின் - மச்சான்" என்று எழுதினார். "வகுப்புல உங்க பேரைச் சொல்லித்தான் நடத்துவேன்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் உடல் கிடந்த அன்று பாகூர் வாசலில் அவரிடம் படித்த ஒரு இளம் ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வில்லியனூர் பாபின் மச்சான் நீங்கதானா சார்?" என்று கேட்டார். நான் எத்தனையோ பெருமை பேசியவன். அன்று ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று கடையில் அவர் இன்னொன்றும் சொன்னார். "மூடி இருக்கறது இல்லாமப் போனது இல்ல மச்சான். உள்ளயேதான் இருக்கும். ஒரு சூடு பட்டா, ஒரு வேளை வந்தா, தொறக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"இன்னா சொல்லப் போறேன் மாப்ள, காப்பி சாப்புடறீங்களா?" என்றேன்.

அப்படிக் கேட்டது ஒரு தடவை இல்லை. பூங்கோதைக்குக் காது குத்தியபோது கேட்டார். என் மனைவி இறந்த வருஷம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகும்போது கேட்டார். போன தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தபோதும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காப்பி, ஏதோ ஒரு மழை, ஏதோ ஒரு அரசியல் என் வாயில் தயாராக இருந்தது.

கடந்த வாரம், எட்டாம் நாள், பூங்கோதை அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். பக்கத்தில் நானும் என் தங்கையும். உள்ளே ஸ்லைடுப் பெட்டி. நான் உடைத்த ஸ்லைடு முதல் எல்லாம் வரிசையாக. பென்சிலில் வரைந்த நாடாக்கள், நோட்டு நோட்டாக. அடியில் மையொற்றுத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள்.

"இன்னா மாமா இது? பூட்டைப் போயி ஸ்லைடோட வெச்சிருக்காரு."

தாளின் உட்பக்கம் அவர் கையெழுத்து. ஸ்லைடில் எழுதுகிற அதே சின்ன எழுத்து. "உடைந்தது அல்ல. திறந்தது."

என் தங்கை அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பூங்கோதை, நீ ஒண்ணைப் பத்தாக்கக் கூடாது என்றாய். மேலே நான் எழுதியதில் ஒன்று நடக்கவே இல்லை. அன்று மூலக்குளத்தில் கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. நான் கடையில் இருந்தேன்.

மருந்துக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். தெரு ஜனம் பத்துப் பேர் பின்னால். எதிர்வீட்டு அம்மா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு முன்னால் நின்றார். மேஸ்திரி தன்மையான மனுஷர். "உங்க வூட்டுக் கொல்லையில தொட்டி இருக்குதாமே, அது கொசு இல்லன்னு நீங்க சொல்றதா சொல்றாங்க. அப்படியா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன வாய் இது. அந்தப் பத்து முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் என்னிடம் துணி எடுக்கிறவர்கள், எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள்.

"யாரு சொன்னா? அது மழைத் தண்ணி சார். ஊத்திட்டுப் போங்க" என்றேன்.

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, அவர்களோடு வீட்டுக்குப் போய், நானே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். நான்கு புடவை மடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. பார்த்த பத்துப் பேரும் அதை மாப்பிள்ளையிடம் மூச்சுவிடவில்லை. அவர்கள் போன பிறகு, திறந்த பூட்டைத் துவைக்கிற கல்லில் வைத்து, ஒரு கருங்கல்லால் மூன்று அடி அடித்தேன். மேலே எல்லாம் நசுங்கியது. கம்பியின் ஓரத்தில் ஒரு பிசிறுகூட விழவில்லை. அதைத்தான் அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதினாறு வருஷம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாப்ள, நீங்கள் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் உள்ளேதான் இருந்தது. உங்கள் மேசையில் உங்கள் மகள் முன்னால் அந்தப் பூட்டை அமுக்கினேன், பூட்டியது. என் சாவிக்கொத்தில் இன்னும் கிடக்கும் அந்தச் சாவியைப் போட்டேன், ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. அப்படியே திறந்தபடி உங்கள் ஸ்லைடுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை.